திதிச் சேவல்

பவுனம்மாளுக்குப் புழு என்றாலே ஆகாது. புழு வளர்க்கிற மருமகள் என்றால் இன்னும் ஆகாது. பண்டமாரானில் அவள் பெயரில் இருக்கிற வீட்டில் இரண்டுமே இருந்தன. மருமகள் புனிதா வீட்டுக்குள், புழு வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டை ஒட்டி பீப்பாய் மாதிரி ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் தோம்பில். சில நாளில் எது எங்கே இருக்க வேண்டியது என்று பவுனம்மாளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புழுவை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது புனிதா இல்லை. பவுனம்மாள் பெற்ற மூத்த மகன் சுகுமாறன்தான். துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சரக்கு சரிந்து வலது பாதம் நசுங்கியதில் வேலை போனது. விந்தி விந்தி வீட்டுக்குள்ளேயே நடந்து அலுத்துப்போனவன், கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, பின்னால் வளர்த்த கம்பத்துக் கோழி என்கிற நாலைந்து நாட்டுக்கோழிக்குத் தீனிச் செலவு இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தான். தோம்பில் மிச்சச் சோறு, காய்கறித் தோல், மீன் குடல் எல்லாவற்றையும் கொட்டினான். எங்கிருந்தோ குளவி மாதிரி மெலிந்த கறுப்பு ஈக்கள் வந்து, விளிம்பில் அவன் சொருகிவைத்த அட்டையில் முட்டையிட்டன. சோல்ஜர் ஈ என்று பெயர் சொன்னான். மற்ற ஈ மாதிரி நம் சோற்றில் வந்து உட்காராதாம், கடிக்காதாம், பறக்கிற காலத்தில் தீனியே வேண்டாமாம். தின்பதெல்லாம் அதன் புழுதான். வெள்ளையாக இருக்கும்வரை அந்தப் புழு தோம்பில் விழுந்தது எதையும் விடாது. முதிர்ந்து கறுத்ததும் தின்பதை நிறுத்திவிட்டுக் காய்ந்த இடம் தேடி மேலே ஏறும். அது ஏற வசதியாகச் சாய்வாக ஒரு பலகை வைத்தான். பலகை முடிகிற இடத்தில் ஒரு வாளி. தப்பித்தோம் என்று ஏறி வருகிறதெல்லாம் அந்த வாளியில் விழும், வாளி கோழிக்குப் போகும்.

"பாருங்கம்மா, நம்ம ஒண்ணுமே செய்ய வேணாம் லா. அதுவா ஏறி வந்து விழுந்துக்கும்" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

பவுனம்மாள் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே சொல்லிவிட்டாள், அந்தக் கோழியின் கறியோ முட்டையோ தன் வாய்க்குள் போகாது என்று. சொன்னபடி நடந்துகொண்டாள். பாசாருக்குப் போய் ஐஸ் வைத்த கோழி வாங்கி வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள்.

சுகுமாறனுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, இருந்தது. நசுங்கிய பாதத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் காலோடு ஏறி ஆளையே கொண்டுபோய்விட்டது. டாக்டர் இனிப்புநீர் என்றார். பவுனம்மாள் புழு என்றாள். புழுவைக் கொண்டுவந்தவனே அவன்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் செத்தவன் மேல் பழி போட்டு என்ன கிடைக்கும்? உயிரோடு ஒருத்தி எதிரிலேயே இருந்தாள்.

"புழுவ வச்சு என் புள்ளைய தின்னுட்டா" என்று பிணத்தைத் தூக்குவதற்கு முன்னாலேயே பவுனம்மாள் நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

புனிதா வாய் திறக்கவில்லை. அவள் பேச்சே அப்படி, அளந்து போடுகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தாள், அங்கே மிஞ்சியதை வாளியில் கொண்டுவந்து தோம்பில் கொட்டினாள், கோழி வளர்த்தாள், முட்டை விற்றாள். புருஷன் விட்டுப்போனதில் அவளுக்கென்று இருந்தது அதுதான். பவுனம்மாளின் கண்ணை உறுத்தியதும் அதுதான்.

காகம் வந்தது கருமாதிக்குப் பிறகு. வலது கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கிப்போன காகம். பின்மதிலில் மற்றவை நேராக நிற்கும்போது இது மட்டும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும், தத்தித் தத்தி நடக்கும். புனிதா காலையில் வாளியோடு கூண்டுக்குப் போகிற நேரத்துக்குச் சரியாக மதிலில் இறங்கும். அவள் ஒரு பிடி கறுத்த புழுவை அதற்கு வைப்பாள். கொஞ்ச நாளில் அது அவள் உள்ளங்கையிலிருந்தே கொத்தித் தின்ன ஆரம்பித்தது. அவளும் அதனிடம் ஏதோ பேசினாள். மனுஷர்களிடம் பேசாதவள் காக்கையிடம் என்னத்தைப் பேசுகிறாள் என்று ஒருநாள் பவுனம்மாள் சமையலறை ஜன்னலோரம் ஒதுங்கி நின்று கேட்டாள்.

"என்ன இன்னிக்கு இவ்ளோ லேட்டு? மழையில நனைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் புனிதா.

பவுனம்மாள் ஜன்னலை விட்டு விலகினாள். காக்கையை எவளாவது நீங்க, வாங்க என்பாளா?

அடுத்த அமாவாசைக்கு அவள் குளித்து முழுகி, பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு பிசைந்து மதிலில் வைத்தாள். தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டாள். கால் மடங்கிய காகம் வந்தது. சோற்றைத் தலை சாய்த்துப் பார்த்தது. தத்தித் தத்தி மதிலின் மறுகோடிக்குப் போய், புனிதாவின் வாளி வரட்டும் என்று நின்றுகொண்டது. அதற்கடுத்த அமாவாசையிலும் இதே கதைதான்.

உயிரோடு இருந்தபோதும் இவன் அப்படித்தானே. அம்மா சமைத்ததை மூடிவைத்துவிட்டு, புனிதா வரட்டும் என்று பசியோடு உட்கார்ந்திருப்பான். செத்த பிறகும் பொண்டாட்டி கைச்சோறுதான் வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பவுனம்மாள் அழுதாள். அழுது முடித்ததும் இன்னொன்று தோன்றியது. இது என் மகனே இல்லை. மகனாக இருந்தால் பெற்றவள் பிசைந்த சோற்றை ஒதுக்குமா? புழுவைக் காட்டி அவள் பழக்கி வைத்திருக்கிற வெறும் காக்கை. இரண்டு நினைப்பையுமே பவுனம்மாள் விடாமல் வைத்துக்கொண்டாள். அழ வேண்டிய நேரத்துக்கு ஒன்று, ஏச வேண்டிய நேரத்துக்கு மற்றது.

வருஷ திதி நெருங்கியது. அவளுடைய அண்ணன் ரெங்கசாமி சுங்கை வேயிலிருந்து வந்து, படையலை எப்படிச் செய்யலாம் என்று பேச உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தில் படையல் என்றால் சைவம் கிடையாது. போனவருக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து மதிலில் வைப்பார்கள். காகம் அதைத் தொட்ட பிறகுதான் வீட்டார் சாப்பாட்டில் கை வைக்கலாம். தொடவில்லை என்றால் போனவருக்கு மனக்குறை என்று அர்த்தம்.

"அவனுக்கு மனக்குறை இருக்குண்ணே" என்றாள் பவுனம்மாள். "அந்தப் புழு இங்க இருக்கற வரைக்கும் அவன் வர மாட்டான். வேணும்னா பாரு. காக்கா எடுத்துச்சுன்னா நான் இனிமே வாயே தொறக்கல, இவ காலத்துக்கும் இங்கயே இருக்கட்டும். எடுக்கலன்னா தோம்பக் கவுத்துப்புட்டு இவ சுங்கை பூலோவுல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிரணும்."

ரெங்கசாமிக்குச் சங்கடமாகிவிட்டது. புனிதாவைப் பார்த்தார்.

"சரி அத்தை" என்றாள் அவள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது.

அந்தச் சிரிப்பு பவுனம்மாளுக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் காலை மதிலைப் பார்த்ததும் புரிந்தது. காகம் புனிதாவின் கையில் தின்றுகொண்டிருந்தது. இவள் நின்றால் அது வரும். வந்தால் எடுக்கும். எடுத்தால் தோற்றோம். அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமே என்று பவுனம்மாள் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடித்தபோது அவளுக்கு ஒரு வழி அகப்பட்டது.

இளைய மகன் யுகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, இந்தக் காக்கா தொல்ல தாங்கல. கவுன்சில்ல சொன்னா வந்து சுட்டுட்டுப் போவாங்களாமே. போன்லயே கம்ப்ளேன் பண்ணலாமாம்."

"எதுக்கும்மா? அண்ணி அதுக்கு டெய்லி தீனி போடுறாங்க."

"பக்கத்து வீட்டு டோரிஸு துணி காயப்போட முடியலன்னு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கு. நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

டோரிஸ் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காய்கறித் தோலைச் சேர்த்து வைத்துத் தோம்புக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு முட்டை வாங்கிப்போகிற மனுஷி அவள். ஆனால் யுகேந்திரன் அம்மா சொன்னதை இரண்டாம் தரம் கேட்கிற பிள்ளை இல்லை. மதிலைப் படம் பிடித்து அனுப்பிவைத்தான்.

நகராட்சிக் கவுன்சில் ஆட்கள் திதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தார்கள். புனிதா கேன்டீனுக்குப் போயிருந்த நேரம். பின்சந்தில் வேன் வந்து நின்றது, துப்பாக்கியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். மதிலில் ஒரு காக்கைகூட இல்லை. அவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது.

இத்தனை பாடுபட்டு வரவழைத்தவர்களைச் சும்மா அனுப்ப பவுனம்மாளுக்கு மனம் வரவில்லை. தோம்படிக்குப் போனாள். பிறந்ததிலிருந்து புழுவைத் தொடாதவள், வாளிக்குள் கையை விட்டாள். குளிர்ச்சியாக, மணி மணியாக நெளிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அள்ளி அள்ளி மதிலின் நீளத்துக்கும் வைத்தாள்.

முதலில் வந்தது அதுதான். கால் மடங்கியது. தத்தித் தத்தி நேராக அவளை நோக்கி வந்து, அவள் கைக்குப் பக்கத்திலேயே தலை குனிந்து தின்றது. அவள் வைத்ததை அது தின்றது அதுவே முதல் தடவை. ஒரு வாய் விழுங்கிவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. மற்றவையும் கத்திக்கொண்டு இறங்கின.

"மக்சிக், மாசோக் டாலாம்" என்று சந்திலிருந்து ஒருவன் அவளை உள்ளே போகச் சொன்னான்.

பவுனம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெடி கேட்டது. மறுபடி மறுபடி கேட்டது. வெறும் காக்கை, வெறும் காக்கை என்று சொல்லிக்கொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வேன் போன சத்தம் கேட்ட பிறகும் பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்கள் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

மத்தியானம் புனிதா வந்து பின்பக்கம் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. வந்தபோது அழுத அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை.

"வாளி ஏன் அத்தை காலியா இருக்கு?"

"கோழிக்குப் போட்டேன்."

"நீங்களா?"

"ஏன், நான் போட்டா அது திங்காதா?"

புனிதா ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்தாள். இண்டு இடுக்கில் புகுந்த கறுத்த புழுக்கள் சில இன்னமும் அங்கே ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பவுனம்மாளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு சண்டைக்கு அவள் தயாராக இருந்தாள்.

மறுவாரம் ஒரு செவலைச் சேவல் மட்டும் தனிக்கூண்டில் இருந்ததைப் பவுனம்மாள் கவனித்தாள். வாளியில் விழுகிறதெல்லாம் அதற்கே போனது. மற்றக் கோழிகள் கம்பி வழியாக எட்டி எட்டிப் பார்த்தன, அவற்றுக்குக் கேன்டீன் சோறுதான்.

"திதிக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை. அவருக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

நல்லதுதான் என்று பவுனம்மாள் நினைத்தாள். படையலுக்கு ஐஸ் கோழி வாங்கினால், அவருக்குப் பிடிக்காத கோழி, அதனால்தான் காக்கை வரவில்லை என்று நாளைக்கு இவள் ஒரு சாக்குச் சொல்லலாம். சுகுமாறனுக்கு உயிரான கம்பத்துக் கோழிக்குழம்பே இருக்கட்டும். அப்படியும் வராதபோது எவரும் வாய் திறக்க முடியாது.

திதியன்று புனிதா விடியற்காலையிலேயே சேவலை அறுத்து, அம்மியில்லாத குறைக்கு மிக்சியில் மசாலா அரைத்துச் சமைத்தாள். சுகுமாறன் படத்துக்கு முன்னால் பெரிய இலை போட்டார்கள். சோறு, கோழிக்குழம்பு, கருவாட்டுப் பொரியல், அவித்த முட்டை, ஒரு டின் கறுப்பு பீர், அவன் குடிக்கிற சிகரெட். ரெங்கசாமி சூடம் காட்டினார். ஒரு கவளத்தைச் சின்ன இலையில் எடுத்துப்போய் மதிலில் வைத்துவிட்டு, எல்லாரும் பின்பக்கம் நின்றார்கள்.

காகம் வரவில்லை. ரெங்கசாமி கூப்பிட்டார், யுகேந்திரன் கூப்பிட்டான், வந்திருந்த உறவுக்காரர்களும் கூப்பிட்டார்கள். பவுனம்மாளும் கூப்பிட்டாள், எல்லாரையும்விடச் சத்தமாக. வெகு தூரத்தில் மின்கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்தது. இந்த மதிலைப் பார்த்ததும் எழுந்து பறந்துபோனது. வெயில் ஏறி, கவளத்தில் எறும்பு மொய்த்தது.

"பாத்தியாண்ணே?" என்றாள் பவுனம்மாள். குரல் தழுதழுத்தது. அதில் பாதி நடிப்பில்லை, நிஜமாகவே துக்கம்தான். "என் புள்ள வரல. இவ இருக்கற வீட்டுல ஒரு வாய் சோறுகூட வேணாம்னுட்டான்."

யுகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாரும் புனிதாவைப் பார்த்தார்கள்.

"சரி அத்தை. நான் போறேன்" என்றாள் புனிதா. அவள் பை ஏற்கெனவே கட்டிக் கதவோரம் இருந்தது.

வழக்கு முடிந்தது, ஆனால் பசி முடியவில்லை. காகம் தொடாத சோற்றை யாரும் தொட முடியாது. ரெங்கசாமிக்கும் இனிப்புநீர்தான், கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவர் சட்டென்று ஒரு சம்பிரதாயத்தைக் கண்டுபிடித்தார். "பெத்தவ வாய்க்குப் போனா அவன் வாய்க்குப் போன மாதிரிதான். நீ அவன் இலையில உக்காந்து சாப்பிடு, பவுனு. அப்புறம் எல்லாரும் சாப்பிடலாம்."

பவுனம்மாளுக்கு இது எதிர்பாராத மரியாதை. கடைசியில் மகனுக்கும் தனக்கும் நடுவில் காக்கையும் இல்லை, மருமகளும் இல்லை. படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையில் இருந்தது புழுவைத் தின்ற சேவல் என்பது நினைவுக்கு வந்தது. என் பிள்ளை இலைதானே, இன்றைக்கு ஒரு நாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு துண்டை வாயில் வைத்தாள்.

ருசியாக இருந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு கறியை அவள் சாப்பிட்டதே இல்லை. இன்னொரு துண்டு எடுத்தாள். புனிதா பக்கத்தில் நின்று கேட்காமலே குழம்பு ஊற்றினாள், தொடைக்கறியைத் தேடி எடுத்து வைத்தாள். பவுனம்மாள் எலும்பை உறிஞ்சினாள். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அதன் பிறகு மற்றவர்களுக்கு இலை போட்டார்கள். அவர்களுக்குப் புனிதா பரிமாறியது உறவுக்காரர்கள் கொண்டுவந்திருந்த ஆட்டுக்கறி.

சாப்பிட்ட தெம்போடு பவுனம்மாள் யுகேந்திரனைக் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். தோம்பைக் கவிழ்க்கிற வேலையை நாளைக்குத் தள்ள அவளுக்குப் பொறுமை இல்லை. இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். கறுத்த மண்ணும் அழுகல் சாறும் வெள்ளைப் புழுக்களும் சிமெண்டுத் தரையில் சரிந்தன. அடியில் கிடந்தது கடைசியில் வந்தது. கறுப்பு இறகுகள். சுத்தமாக வழித்தெடுத்த மாதிரி சின்னச் சின்ன எலும்புகள். ஒரு அலகு. விரல்கள் உள்பக்கமாக மடங்கிய ஒரு கால்.

"காக்கா மாதிரி இருக்கும்மா" என்றான் யுகேந்திரன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புனிதா வாசற்படியில் நின்றாள்.

"கூண்டுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு, அத்தை. சுட்டவங்க கண்ணுல படல போல. பொதைக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம், திதிக்கு அவரு வரணுமேன்னு தோம்புல போட்டேன்."

பவுனம்மாள் குனிந்து அந்த மடங்கிய காலைப் பார்த்தாள்.

"இதத் தின்ன புழுவெல்லாம் ஏறி வாளியில விழுந்துச்சு. எல்லாத்தையும் அந்தச் சேவலுக்குத்தான் போட்டேன். மத்த கோழிக்கு ஒண்ணுகூடப் போடல." புனிதாவின் குரலில் கோபம்கூட இல்லை. "அவரு வரலன்னு மட்டும் சொல்லாதீங்க. இலையிலதான் இருந்தாரு. நீங்கதான் சாப்பிட்டீங்க."

பவுனம்மாளின் வயிறு புரண்டு மேலே வந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் எப்போதும் இருந்த இரண்டு நினைப்பில் ஒன்றை இப்போது எடுத்தாக வேண்டும். வெறும் காக்கை என்றால் வாந்தி எடுத்துவிடலாம், வாயைக் கொப்பளித்துவிட்டு இவளை நாறடித்து அனுப்பலாம். வெறும் காக்கை என்று சொல்லத்தான் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அது தத்தித் தத்தி வந்து, அவள் கைக்குப் பக்கத்தில் ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வை நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அவள் பெற்றது.

"வாந்தி வந்தா அந்த மண்ணுலயே எடுங்க அத்தை. புழு இன்னும் இருக்கு, தின்னுக்கும்" என்றாள் புனிதா. செருப்பை மாட்டிக்கொண்டு பின்சந்து வழியாக நடந்துபோனாள்.

"அம்மா, அம்மா" என்று யுகேந்திரன் தோளைப் பிடித்து உலுக்கினான். பவுனம்மாள் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். தொண்டைவரை வந்ததை மறுபடி விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள்.